பெரிய பைக்குக்கு லித்தியம் பற்றரி: வாங்க முதல் அளந்து பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பைக் 2009ஆம் ஆண்டு ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் 883, ஒருவர் பாவித்ததை வாங்கியிருக்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட், கீழே பார்க்கிங். ஞாயிறுகளில்தான் ஓட்டம். அலாரமும் ஜிபிஎஸ் ட்ரக்கரும் பூட்டியிருக்கிறது. ஈயப் பற்றரி ஒன்றரை வருஷத்துக்கு மேல் நிற்பதில்லை. கடைக்காரர் லித்தியம் போட்டால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்கிறார். மாமியின் மகன் டொரன்டோவிலிருந்து வருகிறார், அவரிடம் சொல்லி எடுப்பிக்கலாமா, அந்தச் சின்னப் பெட்டி 883ஐ இழுக்குமா, தீப்பிடிக்குமா. இவ்வளவும்தான் கேள்வி.

இழுக்கும். நன்றாகவே இழுக்கும். ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு பற்றரி சாகிறது என்றால் நோய் பற்றரியில் இல்லாமலும் இருக்கலாம், அந்த நோயை வைத்துக்கொண்டு விலை கூடிய பற்றரியைப் போட்டால் அது இன்னும் வேகமாகச் சாகும். அதனால் இன்றைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், முதலில் ஒரு மல்டிமீற்றர் எடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். தமிழில் எழுதும்போது லித்தியம் அயன் என்றால் எந்த அயன்? போனில் இருப்பது அயனி என்ற பொருளில் வரும் அயன். மோட்டார் சைக்கிளுக்கு விற்பதில் பெரும்பாலானது லித்தியம் இரும்புப் பொஸ்பேற், அங்கே அயன் என்றால் இரும்பு. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் போன் வெடித்த கதையைக் கேட்டுவிட்டு பைக் பற்றரிக்கும் பயப்படுகிறார்கள். போனில் வழக்கமாக வருவது கோபால்ட் கலந்த ஒட்சைட்டு, அளவு மீறிச் சூடானால் அதன் உள்ளிருந்தே ஒட்சிசன் வெளிவரும், தீக்கு வெளிக்காற்று தேவைப்படாத நிலைமை அது. பொஸ்பேற்றில் ஒட்சிசன் பொஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது, இலகுவில் விடாது. இந்தப் பொஸ்பேற் பற்றரிக்கு உதவும் என்று கண்டுபிடித்தது டெக்சாஸில் விஞ்ஞானி ஜான் குடினஃபின் ஆய்வுக்கூடம், கட்டுரை 1997இல் வந்தது. அதற்கு முன்னாலேயே, 1980களில், இரும்புச் சல்பேற்றை வைத்து இந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டொக்ஹோமில் அவருக்காக நோபல் உரையாற்றியவரும் மந்திரம்தான். நம்முடைய சீற்றுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷமான விஷயம்.

தீப்பிடிக்கவே பிடிக்காது என்று அதற்காகச் சொல்லமாட்டேன். அளவு மீறி சார்ஜ் ஏறினால் வீங்கும், தீப்பற்றக்கூடிய வாயுவைக் கக்கும். அதை என் கண்ணால் பார்த்தவன் நான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

இப்போது இழுவை. உங்களுடையதைப் போன்ற பெரிய வி-ட்வினின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சினின், ஸ்டார்ட்டர் ஒரு நொடிக்கு நூறு, இருநூறு அம்பியர் அளவில் கேட்கும். ஈயப் பற்றரியில் அந்த நேரம் வோல்ட் 10க்குப் பக்கத்தில் விழுந்துவிடும், பழசானால் அதற்கும் கீழே. லித்தியத்தின் உள்தடை குறைவு, அதனால் 11க்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தக் கரண்டைத் தரும், எஞ்சின் வேகமாகச் சுற்றும், இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டருக்கும் நல்ல வோல்ட் கிடைக்கும். பாரமும் குறைவு. உங்கள் பைக்கின் ஈயப் பற்றரி நான்கைந்து கிலோ, அதே வேலையைச் செய்யும் லித்தியம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஹோண்டா ஆபிரிக்கா ட்வின் 1100இலும் டுகாட்டி பானிகாலே வி4 எஸ்ஸிலும் கம்பனியே லித்தியம்தான் போட்டு அனுப்புகிறது, ஆகவே பெரிய எஞ்சினுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒன்றைக் கவனியுங்கள், அந்த பைக்குகளின் சார்ஜிங் பகுதியை அந்தப் பற்றரியை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். 2009 ஸ்போர்ட்ஸ்டர் ஈயப் பற்றரிக்குச் செய்யப்பட்டது.

அடுத்தது பெட்டியில் எழுதியிருக்கும் அம்பியர்-மணி, அதாவது பற்றரியின் கொள்ளளவு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 14 அம்பியர்-மணி என்று பெரிதாகப் போட்டிருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் ஈயத்துக்குச் சமம் என்று இருக்கும். அதாவது, இவ்வளவு கொள்ளளவுள்ள ஈயப் பற்றரி ஸ்டார்ட்டரை எப்படிச் சுற்றுமோ அப்படி இதுவும் சுற்றும் என்று பொருள். உள்ளே உண்மையில் இருக்கும் சேமிப்பு பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு, நாலு நாலரை அம்பியர்-மணி. ஸ்டார்ட் பண்ணுவதற்கு அது போதும், ஏனென்றால் ஸ்டார்ட் என்பது சில நொடி வேலை. ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போது இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் அலாரத்துக்கும் ட்ரக்கருக்கும் இந்த உண்மையான அளவுதான் கணக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 25 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.6 அம்பியர்-மணி. உங்கள் 12 அம்பியர்-மணி ஈயப் பற்றரி வெறுமையாக 20 நாள் எடுக்கும், 10 நாளில் பாதியாகி ஸ்டார்ட்டர் முனக ஆரம்பிக்கும். நாலரை அம்பியர்-மணி லித்தியம் ஏழரை நாளில் வெறுமை. நீங்கள் ஓடுவது ஞாயிறுக்கு ஞாயிறு. ஒரு ஞாயிறு மழை என்று எடுக்காமல் விட்டால் அடுத்த ஞாயிறு பைக் எழும்பாது. அதைவிட மோசம், லித்தியம் முனகி முன்னறிவித்தல் தராது. கடைசி வரைக்கும் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ஒரேயடியாக விழும். அப்படி முழுக்க இறங்கி நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே செல்கள் பழுதாகிவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் அதை நம்ப முடியாது.

உங்கள் ஈயப் பற்றரிகள் சாவதும் இதே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஈயம் பாதி இறங்கிய நிலையில் நாட்கணக்கில் நின்றால் தகட்டில் சல்பேற் படிந்து இறுகிவிடும். அதோடு கொழும்பு வெக்கை, 30, 31 பாகையில் மூடிய பார்க்கிங். வெப்பம் 10 பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழைய கணக்கு. லித்தியத்துக்கும் வெக்கை நல்லதல்ல என்றாலும் நிறுத்தி வைப்பதால் சல்பேற் பிடிக்கிற வருத்தம் அதற்கு இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் இருந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள், பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான், பெரிய பைக் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மூடிப்போட்டு நிறுத்திவிட்டோம். என் பைக்கில் அப்போது லித்தியம் இருந்தது, நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். ஐந்து மாதம் கழித்து மீற்றர் வைத்தால் 13.2 வோல்ட், முதல் தடவையிலேயே எழும்பியது. அதே பார்க்கிங்கில் நின்ற இரண்டு பைக்குகளின் ஈயப் பற்றரிகளை எறியவேண்டி வந்தது. தானாக இறங்குவது லித்தியத்தில் அவ்வளவு குறைவு. வயரில் தொங்கிக்கொண்டு உறிஞ்சுகிறவைதான் அதைக் கொல்கின்றன.

அந்த 13.2 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயப் பற்றரி 12.8 காட்டினால் கராஜில் நல்ல பற்றரி என்பார்கள், சரிதான். லித்தியத்தில் நாலு செல், ஒவ்வொன்றும் 3.2 அளவில், முழுதாக நிறைந்து ஓய்வில் இருந்தால் 13.3 சொச்சம் நிற்கும். அது 12.8 காட்டினால் கிட்டத்தட்ட அடிமட்டம். நடுவில் வோல்ட் அதிகம் அசையாது, முக்கால் பாகத்துக்கும் பாதிக்கும் மீற்றரில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஈயத்தின் கணக்கில் பழகிய மெக்கானிக் ஒருவர் 12.8ஐப் பார்த்து பற்றரி நல்லது, ஸ்டார்ட்டர்தான் பிழை என்று சொல்லி ஸ்டார்ட்டரைக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்துதான் கொழும்பு ஓட்டத்தின் பிரச்சினையும் வருகிறது. 13.3இல் நிற்கும் பற்றரிக்குள் சார்ஜ் ஏறவேண்டும் என்றால் பைக் 13.6க்கு மேலாவது தரவேண்டும். பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் காலி வீதியில் நின்று நின்று போகும்போது எஞ்சின் ஐட்லிங்கில், ஹெட்லைட் எரிகிறது, பிரேக் லைட் எரிகிறது, ஃபேன் உள்ள பைக் என்றால் அதுவும் சுழல்கிறது. அந்த நேரம் பழைய பைக் பலதில் 13.2தான் வரும். ஈயப் பற்றரிக்கு 13.2இலும் கொஞ்சம் ஏறும். லித்தியத்துக்கு ஒன்றும் ஏறாது. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் ஊருக்கு வெளியே போனாலும் நமக்குப் பழைய வீதிதான், நெரிசல்தான். அதனால் ஐட்லிங்கில் என்ன வோல்ட் வருகிறது என்பது எங்களுக்கு மற்ற நாட்டுக்காரரைவிட முக்கியம். நல்ல பக்கமும் உண்டு, ஓட்டம் கிடைத்தால் லித்தியம் வேகமாக ஏற்றிக்கொள்ளும், அரை மணி நேரம் ஒழுங்காக ஓடினாலே போதும்.

இனி அந்தக் கதை. 2017இல் என்னிடம் 90களின் ஜப்பான் 750, நாலு சிலிண்டர். லித்தியம் போட்டு ஒரு வருஷம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை விடிய அவிசாவளை வழியாக நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். கித்துல்கல தாண்டி ஏறும்போது சீற்றுக்கு அடியிலிருந்து நகப்பூச்சு கழுவும் மருந்து மாதிரி இனிப்பான ஒரு மணம். ஹெட்லைட்டும் வழக்கத்தைவிட வெள்ளையாக எரிகிறது என்று முன்னால் போன நண்பர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். கினிகத்தேனையில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தி சீற்றைக் கழற்றினால் பற்றரியின் இரண்டு பக்கமும் வயிறு மாதிரித் தள்ளியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்த மீற்றரை வைத்துப் பார்த்தேன், 16.2. உடனே எஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி, கையுறையோடு பற்றரியைத் தூக்கி ஆளில்லாத வெட்டைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அது பற்றவில்லை, கொஞ்ச நேரம் புகைந்து அடங்கியது. பைக் லொறியில் கொழும்புக்கு வந்தது.

சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பிழை என்று நினைத்துத்தான் வந்தேன். பிழை அதில் இல்லை. அந்த வகை பைக்குகளில் பற்றரியின் வோல்ட்டைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு மெல்லிய வயர் ரெகுலேட்டருக்குப் போகும். அதன் கனெக்டர் பச்சை பிடித்திருந்தது, கடற்காற்று. வயரில் தடை கூடினால் ரெகுலேட்டருக்குக் குறைந்த வோல்ட் தெரியும், குறைவாக இருக்கிறதே என்று அது இன்னும் தள்ளும். பற்றரிக்கு 16 போகும்போது ரெகுலேட்டர் தான் 14 தருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஈயப் பற்றரியாக இருந்தால் கொதித்து, தண்ணீர் வற்றி, பல மாதங்களில் மெல்லச் செத்திருக்கும். லித்தியத்தில் ஒரு செல் 3.65ஐத் தாண்டக்கூடாது, நாலுக்கு 14.6. 15க்கு மேல் என்பது அதற்கு நஞ்சு. நீங்களும் கடலோர மரைன் டிரைவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், அந்த உப்பு உங்கள் கனெக்டர்களிலும் இருக்கும்.

உங்கள் ஸ்போர்ட்ஸ்டரில் ரெகுலேட்டரின் வயர் நேரே பற்றரிப் பக்கம் போவதால் அதே வருத்தம் அதே விதமாக வராது. உங்களுக்கு வரக்கூடியது மற்றது, ஏர்த் பிடிக்காமல் பற்றரிக்குக் குறைவாகப் போய்ச் சேர்வது. அதற்கு ஒரு சோதனை: எஞ்சினை 3000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மறு முனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கேயோ துரு இருக்கிறது, ஏர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக்கி கிரீஸ் பூசிப் பூட்டுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்து பற்றரி வாங்குவது என்று வந்தால், உள்ளே பிஎம்எஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அதாவது செல்களை ஒவ்வொன்றாகக் கண்காணித்து, மிஞ்சினாலும் இறங்கினாலும் துண்டித்துவிடும் சர்க்கிட். என் வீங்கின பற்றரியில் அது இருக்கவில்லை. ஆனால் பிஎம்எஸ் இருந்தால் ரெகுலேட்டரைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அது துண்டித்தால் பற்றரி இல்லாத பைக் ஓடுகிறது என்று அர்த்தம், அந்தக் கணத்தில் வோல்ட் தாறுமாறாகப் பாயும், இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரும் டாஷும் அதைத் தாங்கவேண்டும். 883இன் கம்ப்யூட்டர் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். உண்மையான அம்பியர்-மணி 6க்குக் குறையாததை எடுங்கள், பெட்டிக்குள் இடம் இருக்கிறது, சின்னதாகப் போட்டுப் பஞ்சு அடைப்பதைவிட அதுதான் பிரயோசனம்.

முழுக்க இறங்கிய லித்தியத்தைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி அப்படியே வேகமாக ஓடவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். உள்தடை குறைவு என்பதால் வெறுமையான பற்றரி, எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரால் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் கேட்கும், ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் முழுச் சுமையில் சூடாகும். நெரிசலில் காற்றில்லாமல் நின்றால் எரிந்தும் போகும். வீட்டில் சார்ஜரில் ஏற்றிவிட்டுப் பூட்டுவதுதான் முறை. சார்ஜர் என்றால் லித்தியத்துக்கென்று இருக்கும் சார்ஜர், 14.4, 14.6இல் நிற்பது. சல்பேற் நீக்கும் வசதி உள்ள ஈயச் சார்ஜர் 15, 16க்கு அடிக்கும். பற்றரிக் கடையில் கொடுத்து லொறிப் பற்றரிகளோடு சேர்த்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதும் வேண்டவே வேண்டாம், அந்தப் பழைய ட்ரான்ஸ்ஃபோமர் சார்ஜர்களுக்கு நிறுத்தத் தெரியாது. ஃபிளாட்டில் சார்ஜ் போடும்போது ஆள் விழித்திருக்கிற நேரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல். வீங்கினதைத் திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

குளிரைப் பற்றி வெளிநாட்டுக்காரர் நிறைய எழுதுவார்கள், கொழும்பில் அதை நினைக்கவே தேவையில்லை. தை மாதம் நுவரெலியாவில் விடிய எழும்பி ஸ்டார்ட் பண்ணும்போது முதல் தடவை மெதுவாகச் சுற்றினால் ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் எரியவிட்டுத் திரும்ப அடியுங்கள், அந்தக் கரண்ட் ஓட்டத்திலேயே பற்றரி சூடாகி இரண்டாம் தடவை நன்றாக இழுக்கும்.

டொரன்டோ விஷயம். வேண்டாம். தனி லித்தியம் பற்றரியை செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது, தனி லித்தியம் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதையே 2016 ஏப்ரலில் இருந்து தடைசெய்துவிட்டார்கள். கையில் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்லும் அனுமதி போன், லப்டொப் போன்றவற்றின் உபரிப் பற்றரிக்கு, அதுவும் விமானக் கம்பனியைக் கேட்காமல் என்றால் 100 வாற்-மணி வரைக்கும். பைக் பற்றரியை அதற்குள் நுழைக்கப் பார்த்து அந்தப் பிள்ளை விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லவேண்டி வரும். கப்பலில் முறையாக வந்ததை இங்கே வாங்குங்கள், பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடமாவது இருக்கும். உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் தராசில் வைத்து, உண்மையான அம்பியர்-மணி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து.

இந்தக் கிழமை நீங்கள் செய்யவேண்டியது நாலு அளவு. காலையில் பைக்கைத் தொடமுதல் பற்றரியின் வோல்ட். ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு ஐட்லிங்கில், லைட் எரிய. பிறகு 3000இல், 14க்கும் 14.6க்கும் இடையில் நின்றால் நல்லது, 14.8க்கு மேல் ஏறினால் லித்தியம் என்ற பேச்சையே விட்டுவிட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள். கடைசியாக சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியரில் வைத்து இடையில் தொடுத்து, அலாரம் உறங்கும்வரை பொறுத்திருந்து எவ்வளவு உறிஞ்சுகிறது என்று குறியுங்கள். மீற்றர் இடையில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட்டரை அமத்தாதீர்கள், மீற்றர் போய்விடும். இந்த நாலு எண்ணையும் அனுப்புங்கள். உறிஞ்சுவது 10 மில்லி அம்பியருக்கு மேல் என்றால் ட்ரக்கருக்கு ஒரு சுவிட்ச் போடவேண்டி வரும், அந்த வயரிங் எப்படி என்று படம் போட்டு அனுப்புகிறேன்.